ஆழ்கடல் படகுக்கு எட்டாத எச்சரிக்கை

பெங்களூரு: கடற்கரை இல்லாத பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ, கடலைக் கண்காணிக்க ஓசன்சாட்-3 செயற்கைக்கோளை 2022 நவம்பர் 26 அன்று விண்ணில் செலுத்தியது. கடலின் நிறத்தையும் கடற்பரப்புக் காற்றையும் அளக்கும் கருவிகள் அதில் உள்ளன. செயற்கைக்கோள்களும் கடலில் மிதக்கும் மிதவைகளும் தரும் விவரங்களைத் தொகுத்து, ஐதராபாத்திலுள்ள தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னறிவிப்பு வெளியிடுகிறது.

ஆனால், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் உருவானபோது, குமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கைபேசி எட்டாத தொலைவில் இருந்த அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் கரை திரும்பவே இல்லை.

2010 முதல் பயன்பாட்டில் இருந்த அபாய அறிவிப்புக் கருவி, படகின் அபயக்குரலைக் கரைக்கு அனுப்பும். கரையின் பதிலைப் படகுக்குச் சொல்லாது. 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி எச்சரிக்கையைப் பெறும். படகிலிருந்து எதையும் அனுப்பாது. இவ்விரு குறைகளையும் நீக்கும் இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ 2024 ஜனவரியில் அறிவித்தது. ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் அது பொருத்தப்பட்டால்தான், விண்ணிலிருந்து கடலைக் கண்காணிப்பதன் பலன் மீனவரைச் சென்றடையும்.