கைப்பேசியில் சீட்டு என்றாலே சூதாட்டமா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சில விளையாட்டுகள்

வேலை முடிந்து வீடு திரும்பும் அம்மாவின் கண்ணில் முதலில் படுவது மகன் கையிலிருக்கும் கைப்பேசித் திரை. அதில் ராஜா, ராணி, ஜோக்கர் என்று சீட்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன. "இந்த வயசிலேயே சூதாட்டமா?" என்று வீடே அதிர்கிறது. "காசு கட்டி ஆடலம்மா" என்று மகன் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை. பக்கத்து அறையில் தங்கை, மிட்டாய் நிறத்தில் மின்னும் ஓர் இலவச விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள். அது அப்பாவின் கடன் அட்டையோடு இணைந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் காட்சி தோட்டத்து வீட்டிலும் நடக்கலாம், பட்டணத்து அடுக்குமாடியிலும் நடக்கலாம். எது பிள்ளையை யோசிக்க வைக்கிறது, எது பணப்பையைத் தேடுகிறது என்பதைத் திரையின் தோற்றத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. விளையாட்டு உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் பலரும் பாராட்டிய சில விளையாட்டுகளைப் பார்த்தால் இது விளங்கும்.

வார்த்தையில்லாமல் ஒரு காதல் கதை

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இயங்கும் மவுண்டன்ஸ் நிறுவனம் 2018 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று வெளியிட்ட விளையாட்டு 'ஃபுளோரன்ஸ்'. கதாநாயகி 25 வயது ஃபுளோரன்ஸ் யோ. 'யோ' என்ற குடும்பப் பெயர் மலேசியர்களுக்குப் பழகியதுதான். அவள் காதலிக்கும் கிரிஷ், செல்லோ வாசிக்கும் இந்திய வம்சாவளி இளைஞன்.

இதில் சண்டை இல்லை, புள்ளிகள் இல்லை, தோல்வியும் இல்லை. இருவரும் முதன்முதலில் பேசும்போது, பேச்சுக் குமிழை அட்டைத் துண்டுகள் போலப் பொருத்த வேண்டும். தொடக்கத்தில் துண்டுகள் அதிகம். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன, பேச்சும் எளிதாகிறது. பிறகு சண்டை வரும்போது அதே துண்டுகள் கூர்முனைகளோடு வருகின்றன. கிரிஷ் அவள் வீட்டுக்குக் குடிவரும்போது, யாருடைய பொருளை அலமாரியில் வைப்பது, யாருடையதை எடுப்பது என்று ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். பின்னொரு நாள் அவன் பொருள்களைப் பெட்டியில் அடுக்குவதும் அதே கைதான். பிரிவின் வலி அங்கே விரல் நுனியில் தெரிகிறது.

ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். ஒரு முறை பணம் கட்டி வாங்கினால் போதும். வெளிவந்தபோது விலை 2.99 அமெரிக்க வெள்ளி. பேச்சு மிகக் குறைவு என்பதால் ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பேத்தியோடு உட்கார்ந்து ஆடலாம். 2019ல் இவ்விளையாட்டு பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

இட்லித் தட்டில் ஒரு புதிர்

கதை சொல்லும் விளையாட்டுகளில் தமிழருக்கு மிக நெருக்கமானது 'வெண்பா'. 2023ல் கணினிக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் வெளிவந்த இதை உருவாக்கியது கனடா, டொரோண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ். 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை இது. அம்மா வெண்பாவிடம் இருக்கும் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும், புட்டுக் குழலில் எது முதலில் போக வேண்டும் என்று விட்டுப்போன வரியை ஆடுபவரே யோசித்து நிரப்ப வேண்டும்.

சமையல் புதிருக்கு அடியில் இருப்பது மொழியின் கதை. மகன் கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகுகிறான். அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்திலோ மலாயிலோ பதில் சொல்லும் வீடுகள் இங்கும் குறைவில்லை. அதனால் இந்தக் கதை கனடாவில் நடப்பதாக இந்நாட்டுத் தமிழருக்குத் தோன்றாது.

தோற்றால் முதலிலிருந்து

உணர்வுக் கதைகளுக்கு நேர் எதிரான வகை 'ரோக்லைக்'. 1980ல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' என்ற கணினி விளையாட்டிலிருந்து வந்த பெயர் இது. இதன் விதிகள் இரண்டு. ஒவ்வொரு முறையும் ஆட்டக்களம் புதிதாக மாறும். தோற்றுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. கையில் மிஞ்சுவது கற்றுக்கொண்ட பாடம் மட்டுமே.

'இன்டு தி பிரீச்' இதில் புதிர் வகை. 2018ல் கணினிக்கு வந்து, 2022ல் நெட்ஃபிலிக்ஸ் வழியாகக் கைப்பேசிக்கு வந்தது. சதுரங்கப் பலகை போலவே 64 கட்டங்கள், ஆடுபவரிடம் மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதை விளையாட்டே முன்கூட்டிக் காட்டிவிடும். அவனைக் கொல்வதைவிட ஒரு கட்டம் தள்ளிவிட்டாலே போதும், அவன் அடி இன்னோர் எதிரிமேல் விழும். தோற்றால் பெரும்பாலும் பழியை அதிர்ஷ்டத்தின்மேல் போட முடியாது.

மகன் ஆடிய சீட்டு

அம்மா பார்த்துப் பதறிய சீட்டு விளையாட்டின் பெயர் 'பலாட்ரோ'. பெயர் வெளியிட விரும்பாத ஒரு கனடியர், 'லோக்கல்தங்க்' என்ற புனைபெயரில் உருவாக்கியது. 2024 பிப்ரவரியில் கணினிக்கும், செப்டம்பரில் கைப்பேசிக்கும் வந்தது.

போக்கர் சீட்டின் விதிகளைப் பயன்படுத்தினாலும் இதில் பந்தயம் இல்லை, எதிராளியும் இல்லை. எல்லாம் கணக்குதான். இரண்டு ராஜாக்களை இறக்கினால், ஜோடிக்கு 10, ராஜாவுக்குத் தலா 10, ஆக 30. அதை ஜோடிக்குரிய 2ஆல் பெருக்கினால் 60 புள்ளி. பெருக்கலில் 4 கூட்டும் ஒரு ஜோக்கர் கையில் இருந்தால், 30ஐ 6ஆல் பெருக்கி 180. முதல் சுற்றின் இலக்கு 300. இலக்கு ஏறிக்கொண்டே போகும். 150 வகை ஜோக்கர்களில் எதை எதோடு சேர்த்தால் பெருக்கல் பெருகும் என்று கண்டுபிடிப்பதே ஆட்டம். ஜோக்கர்களை வாங்கும் காசும் ஆட்டத்துக்குள்ளேயே கிடைப்பது. நிஜப் பணத்தில் எதையும் வாங்க வழியில்லை.

ஆனாலும் ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி, 2024ல் இதற்கு 18 வயது முத்திரை குத்தியது. நிஜப் பணத்துக்கு மர்மப் பெட்டிகளை விற்கும் விளையாட்டுகளுக்கோ அதைவிடக் குறைந்த வயதே போதும் என்றிருந்தது. இது என்ன நியாயம் என்ற கேள்வி எழுந்தது. மேல்முறையீட்டுக்குப் பின், 2025 பிப்ரவரியில் முத்திரை 12 வயதாகக் குறைக்கப்பட்டது. இந்த விளையாட்டைச் சூதாட்ட நிறுவனங்களுக்கு ஒருபோதும் விற்கக்கூடாது என்று தமது உயிலிலேயே எழுதிவைத்திருப்பதாக அதை உருவாக்கியவர் கூறியிருக்கிறார்.

இதிலும் குறை உண்டு. "இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்று நள்ளிரவு தாண்டிவிடும். தேர்வு நேரத்தில் பெற்றோர் கண்டிப்பது நியாயமே. போக்கர் சீட்டின் சேர்க்கைகளைப் பிள்ளை கற்றுக்கொள்வதும் உண்மை. அதைப் பற்றி வீட்டில் பேசிவிடுவது நல்லது.

இலவசத்தின் விலை

தங்கையின் மிட்டாய் விளையாட்டைப் போன்றவற்றில் உயிர்கள் தீர்ந்ததும் காத்திருக்க வேண்டும், இல்லையேல் காசு கட்ட வேண்டும். சிலவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பெட்டியை வாங்க வேண்டும். பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே கருதி பெல்ஜியம் 2018ல் தடுத்தது. அங்கே சீட்டும் இல்லை, ராஜாவும் இல்லை. பலூனும் பொம்மையும்தான் இருக்கும்.

பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஒரு முறை வாங்கினால் முடிந்துவிடுமா, தொடர்ந்து காசு கேட்குமா? வாங்கும் பொருள் என்னவென்று முன்பே தெரியுமா? ஆட்டத்தை நிறுத்த ஓர் இயல்பான இடம் இருக்கிறதா? முதல் கேள்விக்கான பதில், செயலியைப் பதிவிறக்கும் பக்கத்திலேயே 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்ற குறிப்பாக இருக்கும். கைப்பேசியில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டால், மாதக் கடைசியில் கடன் அட்டைக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியதில்லை.

அதையும்விட எளிய வழி ஒன்று உண்டு. "என்னடா ஆடுற, அம்மாவுக்கும் காட்டு" என்று பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருவது. மகன் விளக்கத் தொடங்கினால், அது சீட்டா, கணக்கா, சூதாட்டமா என்பது அம்மாவுக்கே புரிந்துவிடும். அடுத்து தங்கையின் அறைக்கும் ஒரு நடை போய்வரலாம்.