கடைசிக் குழாயில் மிஞ்சும் குளோரின்

போர் தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மழைநீர் மணலிலும் மண்ணிலும் மெல்ல இறங்கும்போது கிருமிகளில் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். கிணறு ஆழமில்லாமல், பாறையிலும் வெடிப்பு இருந்தால் அந்தப் பாதியும் போயிற்று.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரின் 5ஆம் எண் கிணறு அப்படிப்பட்டது. 2000 மே மாதக் கனமழையில், பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி அதற்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேர் நோயில் விழுந்தார்கள்.

அங்கே குளோரின் கலக்காமல் இல்லை. கலந்தது போதவில்லை. குளோரின் தண்ணீரில் எதிர்ப்படும் இரும்பு, அம்மோனியா, அழுக்கு, கிருமி எல்லாவற்றோடும் வினைபுரிந்து தானும் செலவாகிவிடும். செலவு போக மிஞ்சுவதுதான் எஞ்சிய குளோரின். 15 நிமிடத்துக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும் என்பது அந்த ஊருக்கான விதி. தினமும் அளந்திருந்தால் அந்த எண் சரிந்ததைப் பார்த்துப் பம்பை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பணியாளர்கள் அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதி வந்தது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது. தானாக அளந்துகொண்டே இருக்கும் கருவி ஒன்று அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இந்தக் கொள்ளைநோயே வந்திராது என்றார் விசாரித்த நீதிபதி டென்னிஸ் ஓகானர்.

நம் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் கணக்கு இதேதான். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லிலிட்டரில் ஓர் ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது. எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். புது பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின். வாய் கட்டாத மூட்டையில் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். 'எப்போதும் போடும் அளவு' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. பவுடரில் 25 சதவீதம் குளோரின் என்றால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் சேர 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் திறக்க வேண்டும். குழாய் நெடுகவும் குளோரின் செலவாகிக்கொண்டே போவதால், சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை. கடைசித் தெருக் குழாயில் பிடித்த நீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். லேசான மருந்து வாடைக்கு முகம் சுளிப்பவர்கள் அந்தத் தெருவில்தான் குறைவு.

வாடையே இல்லாத வழியும் உண்டு. புறஊதா விளக்கு கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்துவிடும். ஆனால் விளக்கைத் தாண்டிய தண்ணீரில், குளோரினைப் போலக் காவலுக்கு மிச்சம் எதுவும் இராது. அதனால் நீண்ட குழாய்களில் நீர் அனுப்பும் பல நிலையங்கள் விளக்குக்குப் பிறகும் கொஞ்சம் குளோரின் சேர்க்கின்றன.