மூடிய வண்டிக்கு மூச்சுவழி: லாண்ட் றோவர் கூட்டுக்குத் திறக்கும் பக்க யன்னல்கள்

தார் வீதி முடிந்து மணல் ஒழுங்கையும் குளக்கட்டும் தொடங்கும் இடத்தில், நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியின் பெறுமதியை நாம் எல்லோரும் அறிவோம். விதைநெல் மூட்டை ஏற்ற வந்த வண்டி மறுநாள் காய்ச்சல்காரரை ஏற்றும். அதற்கடுத்த நாள் கர்ப்பிணித் தாயை ஏற்றும். மூட்டைக்குக் காற்றுத் தேவையில்லை, மனிதருக்குத் தேவை. பின்புறம் முழுவதும் தகட்டால் மூடிய வண்டியில் ஆட்கள் பயணம் செய்வதாயின், அதன் பக்கங்களில் திறக்கும் யன்னல் வேண்டும். அதை எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் பிணைப்பது, எதனால் மூடுவது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். நன்கு அறியப்பட்ட வண்டி என்பதால் பழைய லாண்ட் றோவரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

யன்னல் இல்லாமற் போனது ஏன்?

இங்கிலாந்தின் றோவர் நிறுவனம் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லாண்ட் றோவரை முதன்முதலிற் காட்டியது. அது கமக்காரருக்கென எண்ணிச் செய்யப்பட்ட வண்டி. போருக்குப் பிந்திய அக்காலத்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால், அடிச்சட்டத்தை உருக்கிலும் உடற்தகடுகளை அலுமினியக் கலப்புலோகத்திலும் செய்தார்கள். தொடக்கத்தில் துணிக்கூரையே இருந்தது. பிற்பாடுதான் ஹாட் டொப் எனப்படும் அலுமினியக் கூடு வந்தது.

இக்கூட்டின் பக்கங்கள் பெரும்பாலும் வெறுந் தகடாக இருந்தமைக்கு வரியும் ஒரு காரணமாகும். பயணிகள் வண்டிக்கு அந்நாட்டில் அப்போது கொள்வனவு வரி இருந்தது. சாரதிக்குப் பின்னால் பக்க யன்னல் வைத்தால் அது பயணிகள் வண்டியாகக் கணிக்கப்பட்டு வரி விழும். ஆகவே, யன்னல் இல்லாத கூடு சரக்கையும் வரியையும் எண்ணிச் செய்யப்பட்டதே தவிர, உள்ளே இருப்பவரை எண்ணி அல்ல. ஆட்களை ஏற்றும்போது அக்குறையை நாமே தீர்க்க வேண்டியுள்ளது.

ஆபத்து பின்கதவால் வருகிறது

வெக்கை தாங்காமல் பின்கதவைத் திறந்துவிட்டு ஓடுவது நம்மிடையே வழமை. இது வெக்கையிலும் பொல்லாதது. வண்டி முன்னோக்கி ஓடும்போது அதன் முதுகுப்புறத்தில் காற்றமுக்கம் குறைகிறது. வீதியின் புழுதி அங்கே சுழன்று எழுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் புகைக்குழாயும் அநேகமாக அங்கேதான் முடிகிறது. பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால், புழுதியோடு புகையும் உள்ளே இழுபடும்.

அப்புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமது இரத்தத்தின் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். “பிள்ளை அலுப்பில் தூங்குது” என்று நாம் நினைத்துவிடக்கூடும். பெற்றோல் எஞ்சினில் இந்த வாயு கூடுதலாக வரும். டீசலில் குறைவு என்றாலும் அதன் புகையும் சுவாசத்துக்குக் கேடானது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இது மிகக் கொடியது.

எனவே முதல் விதி இது: காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வேண்டும். யன்னல் என்பது தனியே ஓர் ஓட்டை அல்ல. காற்று வரும் பாதையின் ஒரு பாதி. மற்றப் பாதி வண்டியின் முன்புறத்தில் இருக்கிறது. 2007க்கு முந்திய லாண்ட் றோவர்களில் முன்கண்ணாடிக்குக் கீழே திறக்கும் சிறு மூடிகள் இரண்டு உண்டு. பல வண்டிகளில் அவை துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன. கூட்டை வெட்ட அரிவாளை எடுக்குமுன், முதலில் அந்த மூடிகளைத் திறக்கப் பண்ணுங்கள். முன்ஆசனங்களுக்குப் பின்னால் முழுத் தடுப்பு இருந்தால் அதிலும் காற்றுவழி விட வேண்டும்.

எந்த வகை யன்னல்?

1. சறுக்கும் கண்ணாடி: வெளியே நீட்டாது, ஒழுங்கையில் முட்கிளை பிடிக்காது. ஆனால் யன்னலின் பாதிதான் திறக்கும். கீழ்த்தவாளிப்பில் மண்ணும் நீரும் தேங்கும். தவாளிப்பின் வெளிப்பக்கத்தில் நீர்வடி துளைகள் கட்டாயம் வேண்டும்.

2. முன்விளிம்பில் பிணைச்சல், பின்விளிம்பு திறப்பு: ஓடும்போது வெளிக்காற்று உள்ளிருக்கும் காற்றை இழுத்தெடுக்கும். மழையும் அதிகம் அடிக்காது. முன்மூடிகள் திறந்திருந்தால் ஆட்களை ஏற்றும் வண்டிக்கு இதுவே சிறந்தது. முன்மூடிகள் மூடியிருந்தாலோ இது பின்கதவு இடுக்கால் புகையை உள்ளே இழுக்கும் என்பதை மறவாதீர்கள்.

3. பின்விளிம்பில் பிணைச்சல், முன்விளிம்பு திறப்பு: காற்றை அள்ளித் தரும், கூடவே புழுதியையும் மழையையும் அள்ளித் தரும். தாழ்ப்பாள் கழன்றால் காற்றே அதைப் பிய்த்துவிடும். இதைத் தவிர்ப்பது நல்லது.

4. மேல்விளிம்பில் பிணைச்சல்: நிறுத்திய வண்டிக்கு நிழலும் கூரையுமாகும். மரக்கறி விற்கவும், நடமாடும் மருத்துவ சேவைக்கும் ஏற்றது. ஓடும்போது கட்டாயம் மூட வேண்டும். தாங்குவதற்கு வாயுத்தண்டு பூட்டினால், அது காலப்போக்கில் வலுவிழக்கும் என்பதால் கூடவே ஓர் இரும்புத் தாங்குகம்பியும் வையுங்கள்.

எங்கே, எப்படி வெட்டுவது?

கூரையின் பாரத்தைத் தாங்குவது மேலேயுள்ள பீலி விளிம்பும் மூலைத் தூண்களும் ஆகும். அவற்றை ஒருபோதும் தொடக்கூடாது. திறப்பைச் சுற்றி நான்கு விரற்கடைத் தகடாவது மிஞ்ச வேண்டும். முதலில் மட்டையில் அச்சு வெட்டி, கூட்டின் மேல் ஒட்டி, உள்ளே வாங்கில் ஆட்களை இருத்திப் பாருங்கள். நெடுக்குவாங்கில் இருப்பவரின் தலை கண்ணாடியில் சாயும் என்பதால், தாழ்ப்பாள் தலைமட்டத்தில் நீட்டக்கூடாது.

மூலைகளைச் சதுரமாக வெட்டாதீர்கள். 1954இல் கொமெற் என்னும் பயணிகள் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, வானில் உடைந்து வீழ்ந்தன. அதே வகை விமானமொன்றைத் தண்ணீர்த் தொட்டியில் இட்டுச் சோதித்தபோது, வெடிப்பு ஒரு திறப்பின் மூலையருகே தொடங்கியது தெரியவந்தது. குலுங்கும் தகட்டில் இறுக்கமான மூலையே முதலில் வெடிக்கும். நமது ஒழுங்கைக் குலுக்கலுக்கும் அதே நியாயந்தான். பால்மா ரின்னின் அடியை வைத்து மூலை வளைவை வரையலாம். வெட்டியபின் விளிம்பை அரத்தால் நன்றாக மழுக்குங்கள்.

வெட்டிய தகடு இழந்த பலத்தைத் திருப்பிக் கொடுப்பது சட்டமாகும். வெளியே ஒரு வளையமும் உள்ளே ஒரு வளையமுமாக அலுமினியச் சட்டம் வைத்து, நடுவில் தகடு இறுகும்படி றிவெற் அடியுங்கள். அலுமினியமும் இரும்பும் நேரே தொட்டால், உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். கறைபிடியா உருக்கு போல்ற்றும் இடையில் றபர் அல்லது நைலோன் வளையமும் பாவித்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

கண்ணாடியா, பிளாஸ்ரிக்கா?

வீட்டு யன்னல் கண்ணாடி கூடவே கூடாது, உடைந்தால் கத்தியாகும். வாகனத்துக்கான வன்மையூட்டிய கண்ணாடி சிறு துணிக்கைகளாக உடையும். அதனைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவை முன்கூட்டியே கொடுத்துச் செய்விக்க வேண்டும். அக்கிரிலிக் தகட்டைக் கைவாளால் வெட்டலாம். ஆனால் அது வெயிலில் நீளும்: ஒரு மீற்றர் தகடு, 30 பாகை வெப்பம் கூடினால், ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். ஆணித்துளையைச் சற்றுப் பெரிதாக்கி விடாவிட்டால் துளையடியில் வெடிக்கும். பொலிகாபனேற் எளிதில் உடையாது. அது நன்மை, ஆனால் ஆபத்தில் உடைத்து வெளியேறவும் முடியாது.

வெளியேறும் வழி

வண்டி கவிழ்ந்து பின்கதவு இறுகினால் பக்க யன்னலே வாசல். அலுமினியக் கூடு கவிழ்வைத் தாங்கும் உருக்குக் கூண்டு அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம். ஆகவே இரு பக்கத்திலும் ஒவ்வொரு யன்னலாவது, பெரியவர் ஒருவரின் தோள் புகும் அளவில் இருக்க வேண்டும். மட்டை அச்சின் ஓட்டைக்குள்ளால் வீட்டில் பருத்தவர் ஒருவரை நுழைந்து வரச் சொல்லுங்கள், அதுவே அளவு. சாதாரண நேரத்தில் பிள்ளைகள் கை நீட்டாதபடி சிறிதளவே திறக்கட்டும். அந்தத் தடுப்புக் கம்பியை உள்ளிருந்து, கருவி எதுவுமின்றி, இருட்டிலும் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள். வெளியிலிருந்து பூட்டுப் போடும் வழக்கம் ஆட்கள் ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

இரண்டு சோதனைகள்

வேலை முடிந்ததும் றபர் விளிம்பின் மேல் வாளியால் நீர் ஊற்றி, உள்ளே கசிகிறதா எனப் பாருங்கள். பின்னர் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, உள்ளே ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். பெற்றோல் கலன் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. புகை முன்னிருந்து பின்னோக்கிப் போய் யன்னலால் வெளியேறினால் யன்னல் சரி. பின்கதவிலிருந்து முன்னோக்கி வந்தால் பாதை பிழை. முன்மூடியைத் திறந்து, கதவு றபரைத் திருத்தி, மீண்டும் பாருங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் எந்த யன்னலும் காப்பாற்றாது. அதை முதலில் அடையுங்கள்.

வண்டியின் உடலமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் விசாரித்துக்கொள்வது அவசியம். தகடு வெட்டவும் றிவெற் அடிக்கவும் தெரிந்த இளைஞர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலையைக் கொடுக்கும்போது அழகைப் பற்றிப் பேசுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காற்று எங்கால் வரும்? எங்கால் போகும்? ஆபத்தில் ஆள் எங்கால் போவது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் வாளை எடுக்கட்டும்.