புகைப்பதை விட்ட பின் உடலில் என்ன நடக்கிறது?

"பீடியை விட்டேன் ஹஜ்ரத், அன்றிலிருந்துதான் இந்த இருமலே வந்தது" என்று சொல்லும் சகோதரர்களை நம் கூடலூர்ப் பகுதியில் அடிக்கடி பார்க்கிறோம். அப்படிச் சொல்பவர்களில் பலர் அடுத்த வாரமே மீண்டும் பீடியைப் பற்ற வைத்துவிடுகிறார்கள். விட்டதும் தொந்தரவு வந்தது, பிடித்ததும் சரியானது என்பது அவர்கள் கண்ட அனுபவம். அந்த அனுபவம் உண்மைதான். அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்தான் தவறு.

புகைப்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் பல இடங்களில் விளக்கியிருக்கிறார்கள். இங்கே நாம் பார்க்கப் போவது வேறு. விட்டுவிடுவது என்று நிய்யத் வைத்துவிட்ட ஒருவரின் உடலில் அடுத்த சில வாரங்கள் என்ன நடக்கிறது, எதற்குப் பயப்பட வேண்டாம், எதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதைத்தான். இது தெரியாததால் திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

தொந்தரவு ஏன் வருகிறது?

புகையிலையில் உள்ள நிக்கோட்டின், புகையை இழுத்த சில விநாடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. பல ஆண்டுகள் புகைப்பவரின் மூளை அதற்கேற்ப தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை 1988-லேயே உறுதியாகச் சொன்னது. இரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. மீண்டும் 2 மணி நேரத்தில் அதிலும் பாதி. பழகிய மூளை தன் பங்கைக் கேட்கத் தொடங்குகிறது. எரிச்சல், படபடப்பு, கவனமின்மை, தூக்கமின்மை எல்லாம் அந்தக் கேட்புதான்.

2016-17-ல் நடந்த தேசிய அளவிலான புகையிலை ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள். பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். "பீடிதானே, இலைதானே" என்று லேசாக எண்ண வேண்டாம். பீடி இலையில் காற்று எளிதாகப் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் பீடிக்காரரின் நுரையீரலுக்குப் போகும் நச்சும் நிக்கோட்டினும் குறைவானவை அல்ல. விடும்போது வரும் தொந்தரவும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

முதல் நாட்கள்

கடைசிப் பீடிக்குப் பிறகு சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அறிகுறிகள் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். தலைவலி, தலைசுற்றல், கோபம், மனச்சோர்வு, எதிலும் மனம் ஒட்டாமை, அதிகப் பசி ஆகியவை வரலாம். எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. மூன்றாம் நாள்தான் மிகக் கடினம் என்று முன்பே தெரிந்தவர், அன்று தாங்க முடியாமல் போகும்போது "இனி இப்படியேதான் இருக்கும் போல" என்று முடிவு கட்ட மாட்டார். பீடி வேண்டும் என்ற தவிப்பும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். எழுந்து போய் ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது முடிப்பதற்குள் அந்த அலை ஒருவாறு கடந்துவிடும்.

இருமலும் சளியும்

நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கி வைக்கிறது. புகை நின்றதும் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்குகின்றன. அடியில் தேங்கிக் கிடந்த சளி மேலே வருகிறது. அதனால்தான் விட்ட பிறகு சிலருக்கு இருமல் கூடுகிறது. நுரையீரல் தன்னைக் கூட்டித் துடைக்கும் வேலை அது. அடுத்து வரும் மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஜூனில் தொடங்கும் மழையும் பனிமூட்டமும் யாருக்குத்தான் இருமலைத் தராமல் விடுகின்றன? "குளிருக்கு இதமாக ஒன்று" என்று எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் பீடியைத் தேடுவதும் இந்த மாதங்களில்தான். உண்மையில் நிக்கோட்டின் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைக்கும்போது விரல் நுனிகளின் வெப்பம் குறைகிறது. வெளியே சூடு, உள்ளே குளிர். இதமான வெந்நீர் அடிக்கடி குடிப்பது சளி இளகி வெளியேற உதவும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பீடியை விட்டதால்தான் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

டீ குடிப்பவர்கள் கவனத்துக்கு

தேயிலைக் காட்டில் வாழும் நமக்கு இது முக்கியம். புகையில் உள்ள சில பொருட்கள், டீயிலும் காப்பியிலும் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைத்து வெளியேற்றும்படி செய்கின்றன. அதனால்தான் புகைப்பவருக்கு ஐந்தாறு டீ குடித்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. புகையை நிறுத்திய சில நாட்களில் கல்லீரலின் இந்த வேகம் இயல்புக்குத் திரும்புகிறது. அதே ஐந்தாறு டீ இப்போது உடலில் வெகுநேரம் தங்குகிறது. விளைவு, படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும். பீடி இல்லாததால்தான் தூக்கம் வரவில்லை என்று அவர் நினைக்கிறார். காரணத்தில் பாதி, மாலையில் குடித்த கட்டன் சாயாவாக இருக்கலாம்.

விட்ட வாரத்திலிருந்து டீயைப் பாதியாகக் குறையுங்கள். அஸருக்குப் பிறகு வேண்டாம். ஆனால் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். டீயைத் திடீரென நிறுத்தினால் அதற்கென்று தனியாக ஒரு தலைவலி வரும்.

வாய், வயிறு, எடை

விட்ட முதல் வாரங்களில் வாய்ப்புண் வருவது பலருக்கு நடக்கிறது. தானாகவே ஆறிவிடும். நிக்கோட்டின் குடலைத் தூண்டிக்கொண்டிருந்ததால், அது இல்லாதபோது சிலருக்கு மலச்சிக்கல் வரும். தண்ணீர், கீரை, பழம், நடை போதுமானது.

நாக்கின் சுவையும் மூக்கின் மோப்பமும் தெளிவடையும், பசியும் கூடும். முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் ஏறுவது. இதற்குப் பயந்து புகைக்குத் திரும்புவது நட்டமான வியாபாரம். புகை இதயத்துக்குச் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் இந்த எடையின் பாதிப்பு மிகச் சிறியது. பீடிக்குப் பதில் வாயில் போடும் பொருள் மிட்டாயாகவும் பலகாரமாகவும் இல்லாமல் ஏலக்காய், கிராம்பு, வெள்ளரித் துண்டு என்று இருந்தால் எடையும் கட்டுப்படும். பீடியை விட்டு வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்குவதை விட்டதாகக் கணக்கிட முடியாது. அதே நிக்கோட்டின்தான் வேறு வழியாக வருகிறது, வாய்ப் புற்றுநோயையும் அழைத்துக்கொண்டு.

மாத்திரை சாப்பிடுபவர்கள்

புகையால் கல்லீரல் வேகமாக வேலை செய்வது சில மருந்துகளையும் பாதிக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோபிலின், மனநோய்க்குத் தரப்படும் ஓலன்சபின், குளோசபின் போன்றவற்றின் அளவு, புகையை நிறுத்தியதும் இரத்தத்தில் கூடிவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் சர்க்கரை அளவில் மாற்றம் தெரியலாம். இவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தை நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

ரமளானில் விடுவது

நோன்பாளி ஏறக்குறைய 13 மணி நேரம் புகைக்காமல் இருக்கிறார். ஸஹரில் ஏறிய நிக்கோட்டினில் பெரும்பகுதி அஸருக்குள் உடலை விட்டுப் போய்விடும். ஆனால் இஃப்தார் முடிந்ததும் பற்ற வைத்தால் கணக்கு மீண்டும் தொடக்கத்துக்கு வருகிறது. தவிப்பின் முதல் நாளை மட்டும் முப்பது முறை அனுபவித்துவிட்டு, தவிப்பு குறையும் நான்காம் நாளைப் பார்க்காமலேயே பெருநாளுக்கு வந்துவிடுகிறார். பகலில் பாதிச் சுமையை ஏற்கெனவே சுமந்தாயிற்று. இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தை மூன்று நான்கு இரவுகள் கடந்துவிட்டால் உச்சம் தாண்டிவிடும்.

நிக்கோட்டின் சூயிங்கம் பயன்படுத்துபவர்கள் அதை இரவில் மட்டுமே மெல்ல வேண்டும். தோலில் ஒட்டும் பட்டை பற்றிக் கேட்கிறார்கள். தோல் வழியாக உறிஞ்சப்படும் மருந்துகளும் மருந்துப் பட்டைகளும் நோன்பை முறிக்காது என்று 1997-ல் ஜித்தாவில் நடந்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு முடிவு செய்தது. நிக்கோட்டின் பட்டை குறித்துத் தம் மஹல்லா ஆலிமிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல் விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குச் சற்று முன் டீ, காப்பி குடித்திருந்தால் மருந்து சரியாக ஏறாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

விட்டவர் முதல் இரண்டு வாரம் சட்டெனக் கோபப்படுவார். "இப்படிக் கத்துவதற்குப் பேசாமல் அந்தப் பீடியையே பிடித்துத் தொலையுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் மனம் தேடிக்கொண்டிருக்கும் அனுமதியே அதுதான். இடையில் ஒன்று பிடித்துவிட்டால் குத்திக் காட்ட வேண்டாம். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்று வென்றவர்கள். வீட்டிலுள்ள தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம், மிச்சப் பீடிக்கட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை: நெஞ்சுவலி, சளியில் இரத்தம், கூடிக்கொண்டே போகும் மூச்சுத்திணறல், காரணமின்றி எடை குறைதல், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற பேச்சு. இவற்றை விட்டதன் விளைவு என்று ஒதுக்காதீர்கள்.

சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் மத்திய அரசின் இலவச ஆலோசனை எண். தமிழிலும் பேசலாம்.

தொந்தரவுகள் சில வாரம். பலன் அதே நேரத்தில் தொடங்கிவிடுகிறது. 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறைகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வருகிறது. ஓராண்டில் மாரடைப்பு அபாயம், புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் பாதியளவுக்கு இறங்குகிறது. இன்று இருமிக்கொண்டிருக்கும் சகோதரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் மூன்றாம் நாளில் இருக்கலாம். அல்லாஹ் அவருக்கு இதை லேசாக்கி வைப்பானாக.