உள்ளே போனால் போதாது, வெளியே வர வேண்டும்!

*ஒரு மீன் பெட்டி கரைக்கு வருமுன் கணினித் திரையில் படும் பாடு*

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான இனயம் என்றதும் 2016-ஐ நினைப்பவர்களே அதிகம். அந்த ஆண்டு ஜூலையில் இங்கே பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை ஊர்கள் கொதித்தெழுந்தன. பிறகு திட்டம் கோவளம் – மணக்குடி பக்கமாக நகர்ந்தது. அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை, இதே கரையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பொருளைப் பற்றியது. மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டி.

பனையோலைக் கடவத்தையும் அலுமினியச் சருவத்தையும் அறிந்த கரை இது. இன்று பக்கத்திலிருக்கும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் இறங்குவதும் ஏலம் போவதும் வண்டி ஏறுவதும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டியில்தான். அந்தப் பெட்டிக்கு நிம்மதியான ஒரு பொழுது கிடையாது. விசைப்படகிலிருந்து தூக்கிப் போடுவார்கள், சிமென்ட் தரையில் இழுப்பார்கள், ஐஸைக் கொட்டுவார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மீதி நேரம் உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடக்கும். இத்தனையும் தாங்குமா தாங்காதா என்பது, பெட்டி பிறப்பதற்கு முன்பே, எங்கோ ஓர் அலுவலகத்தில் மோல்டு டிசைனர் ஒருவரின் கணினியில் முடிவாகிவிடுகிறது.

சிரட்டையும் கருப்பட்டியும்

பனங்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அச்சுப் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி கழன்று விழுகிறது. வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் வந்த வசதி அது. வாய் குறுகிய செம்பில் ஊற்றியிருந்தால் செம்பை உடைத்தால்தான் உண்டு.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கிலும் இதே சங்கதிதான். பிளாஸ்டிக் குருணையைச் சூடான உருளைக்குள் உருக்கி, மூடிய இரும்பு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். அச்சின் உடம்புக்குள் ஓடும் தண்ணீர் அதை இறுக வைக்கிறது. அச்சு திறக்கிறது, எஜெக்டர் பின்கள் பொருளைத் தள்ளிவிடுகின்றன. 1872-இல் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயட், செல்லுலாய்டுக்காக இப்படியோர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1946-இல் ஜேம்ஸ் ஹென்ட்ரி திருகுத்தண்டு வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு தொழில் வேகம் பிடித்தது. மீன் பெட்டி போன்ற பெரிய பொருள்கூட இன்று ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுகிறது.

பொருள் கழன்று வருவதற்காகச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வைத் தொழிலில் டிராஃப்ட் என்பார்கள். 300 மில்லிமீட்டர் ஆழமுள்ள பெட்டிக்கு ஒரே ஒரு டிகிரி டிராஃப்ட் வைத்தாலும் ஒவ்வொரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக அடி குறுகும். சாய்வை மறந்த சுவர் அச்சைக் கவ்விக்கொள்ளும். பின் தள்ளும்போது பெட்டியின் அடி வெளுக்கும், அல்லது கிழியும்.

சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் இதைப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. அச்சு திறக்கும் திசையைக் காட்டிவிட்டு டிராஃப்ட் அனாலிசிஸைத் தட்டினால் பெட்டியின் மேல் வண்ணம் படர்கிறது. பச்சைப் பரப்பு ஒரு பாதியோடு வரும். சிவப்புப் பரப்பு மறு பாதியோடு வரும். புதிதாகப் பழகுகிறவர் சிவப்பைக் கண்டதும் தப்பு என்று பதறுவார். உண்மையில் பயப்பட வேண்டியது மஞ்சளுக்கு. போதிய சாய்வில்லாத சுவர் அதுதான். பச்சையும் சிவப்பும் சந்திக்கும் விளிம்பே அச்சு இரண்டாகப் பிரியும் கோடு. அந்தப் பார்ட்டிங் லைனைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கழுவுகிறவர் தீர்மானிக்கும் விலை

பெட்டிக்குப் பலம் தருவது ரிப் எனப்படும் வரிகள். அவற்றை உள்பக்கம் வைத்தால் அச்சு எளிது, செலவும் குறைவு. ஆனால் உள்வரிகளின் இடுக்கில் செதிலும் கொழுப்பும் அடையும். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. கூரான விளிம்பு மீனின் தோலைக் கிழித்தால் ஏலத்தில் விலை குறையும். ஆக, உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். வரிகள் வெளியே போக வேண்டும்.

வெளியே போனதும் அச்சுக்குத் தலைவலி தொடங்குகிறது. வெளிச்சுவரில் குறுக்காக ஓடும் வரிகளும் கைப்பிடித் துளையும், மேலும் கீழுமாகத் திறக்கும் அச்சைப் பூட்டிவிடும். அதனால் நான்கு பக்கச் சுவர்களையும் தனித்தனி ஸ்லைடுகளாகச் செய்து, பெட்டி வெளியேறுமுன் பக்கவாட்டில் விலகவைக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனி இரும்பு, தனிப் பொருத்தம், தனித் தேய்மானம். கரையில் பெட்டி கழுவுகிறவரின் சிரமத்தை டிசைனர் கணக்கில் எடுத்தாரா என்பது அச்சின் விலையிலேயே தெரிந்துவிடும்.

வரியின் தடிமனுக்கும் கணக்குண்டு. சுவரின் தடிமனில் பாதி, மிஞ்சினால் அறுபது சதவீதம். அதற்கு மேல் போனால் அந்த இடம் தாமதமாகக் குளிர்ந்து, சுவரின் மறுபக்கத்தில் குழி விழும். பலம் வேண்டுமென்று சுவரையே தடிமனாக்கலாமே என்றால், ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 2.5 மில்லிமீட்டர் சுவரை 3 ஆக்கினால் தடிமன் கூடுவது 20 சதவீதம். ஆறும் நேரம் கூடுவது 44 சதவீதம். அச்சுக்குள் ஒரு பொருள் இருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆறுவதற்கே போய்விடும் தொழிலில் இது சின்ன இழப்பு இல்லை.

600 வேண்டுமானால் 612

மீன் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் எச்.டி.பி.ஈ. என்ற பிளாஸ்டிக். உருகி இறுகும்போது சுருங்கும் குணம் இதற்கு அதிகம். இரண்டு சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 600 மில்லிமீட்டர் நீளப் பெட்டி வேண்டுமென்றால் அச்சின் குழியை 612 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால் எல்லாத் திசையிலும் அது ஒரே அளவில் சுருங்காது. உருகிய பிளாஸ்டிக் குழம்பு ஓடிய திசையில் ஒரு கணக்கு, குறுக்கே ஒரு கணக்கு. தண்ணீர் நன்றாக ஓடும் பக்கத்தில் ஒன்று, ஓடாத மூலையில் வேறொன்று. இந்த வேறுபாட்டில்தான் பெட்டி முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய பெட்டி அடுக்கில் ஆடும்; ஆடுகிற அடுக்கு வண்டியில் சரியும்.

அழுத்தக் கணக்கும் மலைக்க வைக்கும். 60-க்கு 40 சென்டிமீட்டர் பெட்டியின் அடிப்பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ அழுத்தம் என்றால், அச்சு பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க 720 டன் விசை வேண்டும். அடியைச் சல்லடையாக வைத்தால் பரப்பு குறையும், விசையும் குறையும். இறுக்கம் போதாவிட்டால் விளிம்பில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். தொழிலில் அதை ஃபிளாஷ் என்பார்கள். கையில் கீறும்போது கரையில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

இன்னொரு சங்கதி படகுக்காரர்களுக்கு உடனே புரியும். உருகிய பிளாஸ்டிக் பாயும்போது உள்ளே இருந்த காற்று வெளியேற வழி வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிகளை அதற்கென விடுகிறார்கள். வழி அடைத்துக்கொண்டால் காற்று மூலையில் நசுங்கிச் சூடேறி, பிளாஸ்டிக்கையே கருக்கிவிடும். டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றிக்கொள்வதும் இப்படித்தான் என்பதால், இந்தக் கோளாறுக்குத் தொழிலில் டீசல் எஃபெக்ட் என்றே பெயர்.

ஓட்டையால் வரும் வினை

ஐஸ் உருகிய தண்ணீர் வடிய பெட்டியில் ஓட்டை வேண்டும். இது கரையின் தேவை. அச்சில் ஒவ்வோர் ஓட்டையும் ஓர் இரும்புத் துண்டு. பாய்ந்து வரும் குழம்பு அதில் மோதி இரண்டாகப் பிரிந்து, பின்பக்கம் மீண்டும் சேரும். அதற்குள் சற்று ஆறிவிட்டிருந்தால் அந்தச் சேர்க்கை முழுதாக ஒட்டாது. வெல்டு லைன் எனப்படும் அந்தக் கோடு பெட்டியின் பலவீனம். அது கைப்பிடிக்குப் பக்கத்திலோ மூலையிலோ விழுந்தால், பாரத்தோடு தூக்கிப் போடும் ஒருநாளில் பெட்டி அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

குழம்பு எங்கே நுழைய வேண்டும், எந்த மூலையை எப்போது எட்டும், எங்கே சந்திக்கும் என்பதை ஒருகாலத்தில் அனுபவசாலிகள் மனக்கண்ணில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். அதைக் கணக்காக மாற்றியவர்களில் முன்னோடி ஆஸ்திரேலியாவின் காலின் ஆஸ்டின். 1978-இல் மெல்போர்னில் அவர் தொடங்கிய மோல்ட்ஃப்ளோ நிறுவனத்தை 2008-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. இன்று அந்த மென்பொருளில் பெட்டி நிறைவதை நொடிக்கு நொடி வண்ணத்தில் பார்க்கலாம். வெல்டு லைன் எங்கே விழும் என்பதையும் அது காட்டும். நுழைவாயிலை நகர்த்தி அந்தக் கோட்டை ஆபத்தில்லாத இடத்துக்குத் தள்ளலாம்.

வரைவு வேலையிலும் இதே மாற்றம்தான். வரைபலகைக் காலத்தில் ஆழத்தை 20 மில்லிமீட்டர் குறைக்கச் சொன்னால் முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். 1988-இல் வந்த புரோ-இன்ஜினியர், அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாமே தானாக மாறும் முறையைத் தொழிலுக்குள் பரப்பியது. 1995-இல் சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. பெட்டியை மாற்றினால், உள்வடிவம் தரும் கோர், வெளிவடிவம் தரும் கேவிட்டி, பின், ஸ்லைடு எல்லாம் கூடவே நகரும்.

திரையில் எத்தனை முறை திருத்தினாலும் காசில்லை. ஆனால் இரும்பை வெட்டிய பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு. அதனால் டிசைனர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சந்தேகமான இடத்தில் இரும்பைச் சற்றுக் கூடுதலாகவே விட்டுவைப்பார்கள். சோதனை ஓட்டத்தில் சுவர் மெலிந்து வந்தால் இரும்பை இன்னும் கொஞ்சம் சீவிக்கொள்ளலாம். தடித்து வந்தால் இரும்பை வளர்க்க வேண்டும், வெல்டிங் வைத்து மறுபடி கடைய வேண்டும். அச்சுக்கு அது ஆறாத புண். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

கிண்டியிலிருந்து முட்டம் வரை

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குப் படிப்பு வாசல் திறந்தது 1968-இல். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசு சென்னையில் தொடங்கிய சிப்பெட் நிறுவனம் இன்றும் கிண்டியில் இயங்குகிறது. மதுரையிலும் கிளை உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பிளாஸ்டிக் மோல்டு தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு, கணினியில் மோல்டு வடிவமைப்பதற்கென்றே மேற்படிப்பும் உண்டு.

குமரிக் கரைக்கு அச்சு அந்நியமும் இல்லை. கட்டுமரம் ஓடிய கரையில் 1980-களில் பிளைவுட் வள்ளங்கள் பரவின. முட்டத்தில் அந்த வேலையில் ஈடுபட்டிருந்த பியர் கில்லே, தன் அனுபவத்தை 1985-இல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற நூலாக எழுதினார். சிறிய படகுதானே என்று வெளியிலிருந்து வரைந்து கொடுத்துவிட முடியாது, ஓட்டுகிறவர்களோடு சேர்ந்து திருத்தித் திருத்தித்தான் அது கடலுக்கு ஏற்றதாகும் என்பது அந்த முயற்சி தந்த பாடம். அடுத்து வந்த ஃபைபர் வள்ளங்கள் நேராக அச்சிலேயே பிறப்பவை. முதலில் மரத்தில் மாதிரி. அதன் மேல் ஃபைபரில் அச்சு. அச்சுக்குள் மெழுகு தடவி, கண்ணாடி இழையும் பிசினும் அடுக்கடுக்காக. வள்ளத்தின் பக்கங்கள் மேலே உள்வாங்கியிருந்தால் ஒற்றை அச்சிலிருந்து எழும்பாது. அச்சை இரண்டாகப் பிரித்துப் போல்ட் போட வேண்டும். அந்தப் பட்டறைத் தொழிலாளிக்குப் பார்ட்டிங் லைன் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். சங்கதி கைக்குத் தெரியும்.

கரையிலிருந்து திரைக்கு

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் கன்னியாகுமரி. பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. மெக்கானிக்கல் படித்த கடற்கரைப் பிள்ளைகள் வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போகிறார்கள். கடலுக்கான பிளாஸ்டிக் சாமான்களை வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் கடலிலிருந்து வெகுதூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் இதில் நஷ்டம்தான்.

இனயத்தில் நாளைக்கே மோல்டு தொழிற்சாலை கட்ட முடியாது. 700 டன் இயந்திரமும் அச்சு கடையும் பட்டறையும் தொழிற்பேட்டைகளில்தான் இருக்கும். ஆனால் வடிவமைப்பு மடிக்கணினியில் நடக்கும் வேலை. கோப்பாகப் போய்ச் சேரும். பெரிய மென்பொருள்களின் உரிமம் லட்சக்கணக்கில் ஆகும் என்பது உண்மைதான். பழகுவதற்கு, 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வெளியான ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம். பெட்டியை வரையவும், டிராஃப்ட் கொடுக்கவும், கோர்–கேவிட்டி பிரித்துப் பார்க்கவும் அது போதும்.

தொடங்குவதற்குப் பாடப்புத்தகமும் வேண்டாம். கரையில் உடைந்து கிடக்கும் பத்துப் பெட்டிகளை எடுத்துப் பார்க்கலாம். விரிசல் ஓட்டைகளுக்கு நடுவே ஓடினால் வெல்டு லைனைச் சந்தேகிக்க வேண்டும். உள்மூலையில் தொடங்கியிருந்தால் அந்த மூலைக்கு வளைவு போதவில்லை. நிறம் வெளுத்து, தொட்டாலே பொடிந்தால் கோளாறு அச்சில் இல்லை. வெயிலைத் தாங்கும் சேர்மானத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். கைப்பிடி மட்டும் முறிந்திருந்தால், ஈரக்கையோடு பெட்டி தூக்குகிறவரைப் பார்த்தே இராத யாரோ அதை வரைந்திருக்கிறார்கள். இதை அளந்து, படமெடுத்து, திருத்திய வரைவோடு பெட்டி செய்யும் நிறுவனத்தின் முன் வைக்கும் மாணவருக்கு, வேலை கேட்டு நீட்ட அதைவிட நல்ல விண்ணப்பம் வேறில்லை.