வைத்தியர் சொல்லும் முதல் வார்த்தை

வயிற்றில் வளரும் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கிறது என்ற செய்தியை ஒரு தாயிடம் எப்படிச் சொல்ல வேண்டும்? "இதற்கெல்லாமா சட்டம் போடுவார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் போட்டிருக்கிறார்கள். அது ஏன் வந்தது, எங்கே குறைபட்டது என்பதைப் பிள்ளைப்பேறு காணும் ஒவ்வொரு வீடும் அறிந்திருப்பது நல்லது.

நமது உடலின் கலங்களில் வழமையாக 46 நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், 23 சோடிகளாக இருக்கின்றன. இருபத்தோராவது சோடியில் ஒன்று மேலதிகமாக அமைந்துவிட்டால் அதுவே டவுன் சின்ட்ரோம். 1866இல் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்நிலையை விவரித்தார். அதன் காரணத்தை 1959இல் பிரான்ஸின் ஜெரோம் லெஜூனும் அவரது சகாக்களும் வெளியிட்டனர். தாய் உண்ட உணவோ, பார்த்த காட்சியோ, கிரகணமோ இதற்குக் காரணமல்ல. தாயின் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும் என்பது உண்மை: 35 வயதில் ஏறக்குறைய 350 பிரசவங்களில் ஒன்று, 40 வயதில் ஏறக்குறைய 100இல் ஒன்று. ஆனால் இளம் தாய்மாருக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றன.

இப்பிள்ளைகள் மெதுவாகக் கற்பார்கள். ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். இவற்றை மறைக்கக்கூடாது. ஆனால் இதுவே முழுக் கதையும் அல்ல. அமெரிக்காவில் 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருடங்கள். இன்று சுமார் 60 வருடங்கள். இருதய சத்திரசிகிச்சையும் நல்ல பராமரிப்பும் இந்த மாற்றத்தைத் தந்தன. முப்பது வருடத்துக்கு முந்திய பாடப்புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வைத்தியர் இன்றைய தாயிடம் பேசினால் என்னவாகும்? எண்ணிப் பாருங்கள்!

அதுதான் நடந்தது. பிரையன் ஸ்கொட்கோ என்பவர் இத்தகைய பிள்ளைகளின் தாய்மாரிடம் விசாரித்து 2005இல் ஆய்வுகளை வெளியிட்டார். அவரது சகோதரியும் டவுன் சின்ட்ரோம் உள்ளவரே. வைத்தியர்கள் பயமுறுத்தும் பக்கத்தையே அதிகம் சொன்னார்கள், கையில் தந்த தகவல் பழையதாகவோ போதாததாகவோ இருந்தது என்று பல தாய்மார் கூறினர். கணவன் பக்கத்தில் இருக்கும்போது, ஆறுதலான குரலில், புதிய தகவலோடு சொல்லியிருக்கலாம் என்பதே அவர்களின் மனக்குறை.

எதிரெதிர் அணிகள் இணைந்த சட்டம்

2008 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர்கள் செனட்டர்கள் எட்வர்ட் கெனடியும் சாம் பிரவுன்பேக்கும். கருக்கலைப்பு விடயத்தில் இருவரும் நேரெதிர்க் கருத்துடையவர்கள்! பெற்றோருக்கு உண்மையான, புதிய தகவல் கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். எழுத்து வடிவிலான தகவல், தொலைபேசி உதவி, இத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களோடு தொடர்பு ஆகியவற்றுக்கு உதவ அச்சட்டம் வழிசெய்தது. ஆனால் அதற்கென நிதி ஒதுக்கப்படவில்லை. காசில்லாத சட்டம் கடதாசியில்தான் இருக்கும்.

ஆகவே மாநிலங்கள் தாமே முன்வந்தன. மாசச்சூசெட்ஸ் 2012இலும் பென்சில்வேனியா 2014இலும் இத்தகைய சட்டங்களை நிறைவேற்றின. இங்கேயும் ஒரு சர்ச்சை எழுந்தது. லூசியானாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், கொடுக்கப்படும் தகவல் கருக்கலைப்பை ஏற்கத்தக்க வழியாகக் காட்டக்கூடாது என்றது. தகவல் கொடுப்பது வேறு, முடிவை நோக்கித் தள்ளுவது வேறு என்று சிலர் ஆட்சேபித்தனர். பயமுறுத்துவது எவ்வளவு பிழையோ, ஒரு பக்கத்தை மறைப்பதும் அவ்வளவு பிழை என்பது அவர்களின் வாதம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

2011இலிருந்து தாயின் இரத்தத்தை மட்டும் எடுத்துச் செய்யும் புதிய பரிசோதனை பாவனைக்கு வந்தது. இது சாத்தியத்தைக் காட்டுவதேயன்றி முடிவான பதில் அல்ல. குறிப்பாக இளம் தாய்மாரில், பிள்ளைக்கு ஒன்றும் இல்லாதபோதும் 'இருக்கலாம்' என்று வரக்கூடும். உறுதிப்படுத்துவதற்குப் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடியின் சிறு பகுதியையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். அவற்றில் சிறிய அளவு கருச்சிதைவு அபாயமும் உண்டு.

ஆகவே சகோதரியே, இரத்தம் கொடுக்கும் முன்னரே கேளுங்கள்: இது சாத்தியத்தைச் சொல்லும் பரிசோதனையா, முடிவைச் சொல்லும் பரிசோதனையா? பெறுபேற்றைச் சொல்லும்போது என் கணவரோ உம்மாவோ கூட இருக்கலாமா? பிள்ளையின் இருதயத்தை எப்போது பார்ப்பார்கள்? எழுத்தில் தகவல் தருவீர்களா? இத்தகைய பிள்ளையை வளர்க்கும் ஒரு தாயோடு பேச முடியுமா? இவற்றைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதல்ல. கேட்பது உங்கள் உரிமை.

செய்தி உங்கள் வீட்டுக்கு வராமல், உங்கள் மருமகளுக்கோ அயல்வீட்டுப் பெண்ணுக்கோ வந்தால், "யார் செய்த பாவமோ" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வராதிருக்கட்டும். சட்டத்தால் வைத்தியரைக் கட்டலாம். உறவினரின் நாக்கைக் கட்ட முடியாது. அதை நாம்தான் கட்ட வேண்டும்.