கண்காணா உயிர்களும் நாமும்

புனே நகரில் ஏரவாடாவைக் கடந்து நகர் ரோட்டில் செல்லும் அன்பர்கள் ஆகாகான் மாளிகையை அறிவார்கள். 1942 ஆகஸ்டு முதல் காந்தியடிகளும் அன்னை கஸ்தூரிபாவும் அங்கேதான் சிறைவைக்கப்பட்டிருந்தார்கள். 1944 பிப்ரவரியில் அன்னையார் இதய நலிவாலும் நிமோனியாவாலும் மரணப் படுக்கையில் கிடந்தபோது, இளைய மைந்தர் தேவதாஸ் காந்தி, அந்நாளில் இந்தியாவில் எளிதிற் கிட்டாத புது மருந்தொன்றைக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். அதுதான் பெனிசிலின். சில மணிக்கொரு முறை ஊசி குத்த வேண்டும் என்றறிந்த காந்தியடிகள், இறுதிக் காலத்தில் அவ்வுடலை மேலும் வருத்த வேண்டாமென்று மகனைத் தடுத்துவிட்டார். பிப்ரவரி 22ஆம் நாள் மாலை அன்னையார் மறைந்தார்.

மருந்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்போர் உண்டு. நிமோனியாக் கிருமியைப் பெனிசிலின் கொல்லும். தளர்ந்துவிட்ட இதயத்தை அது தூக்கி நிறுத்தாது. ஆகவே அவ்வழக்கில் நாம் புக வேண்டியதில்லை. அந்தச் சிறு குப்பியில் இருந்தது என்ன என்பதே நாம் அறிய வேண்டுவது.

அதில் இருந்தது ஒரு பூஞ்சணத்தின் கழிவுச் சரக்கு. பழைய ரொட்டியிலும் அழுகிய எலுமிச்சையிலும் பச்சையாகப் படர்கிறதே, அந்தக் குலத்தைச் சேர்ந்த பூஞ்சணம் அது. 1928இல் லண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் அலெக்சாந்தர் பிளெமிங் கிருமி வளர்த்த தட்டொன்றில் அது தானாக வந்து விழுந்தது. அதைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து போயின. பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் தன்னைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு வாழ்வது. அது வளரும்போது சுவரையும் விரித்துக் கட்ட வேண்டும். பெனிசிலின் அந்தக் கொத்து வேலையை நிறுத்திவிடுகிறது. சுவர் பிளந்து கிருமி மடிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லையாதலால் நமக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஒவ்வாமை உடைய சிலருக்கு மட்டும் அது ஆபத்தாகும்.

இந்த மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. சிறுநீரோடு விரைந்து வெளியேறிவிடும். 1941இல் ஆக்ஸ்பர்டில் இதைப் பெற்ற காவலர் ஒருவருக்கு, அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்துச் செலுத்தினார்கள். தேறி வந்தவர், மருந்து தீர்ந்துபோகவே இறந்துபோனார். ஆகாகான் மாளிகையில் சில மணிக்கொரு ஊசி வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னதன் காரணமும் இதுவே.

அன்னையார் மறைந்து பத்தாண்டுகள் சென்றபின், அதே புனேயின் மறுபுறத்தில், பிம்ப்ரியில், 1954இல் இந்துஸ்தான் ஆன்ட்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசினர் தொழிற்சாலை நிறுவப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் துணைநின்றன. 1955இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. விமானத்தில் வர வேண்டியிருந்த பொருள் ஊருக்குள்ளேயே பெரிய தொட்டிகளில் விளையலாயிற்று. பிற்காலத்தில் அந்நிறுவனம் நலிவுற்றது வருந்தத்தக்கது. ஆயினும் அதன் ஆராய்ச்சியாளர் எம். ஜே. திருமலாச்சார், பிம்ப்ரி மண்ணிலேயே வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்ததை நாம் மறக்கலாகாது. அவ்வுயிருக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டினார்கள். பூஞ்சணம் பாக்டீரியாவைக் கொல்லத் தந்தது பெனிசிலின். ஹாமைசினோ, பூஞ்சணத்தைக் கொல்ல பாக்டீரியா தந்தது! முதல் மழையில் எழும் மண்வாசனையைத் தருவதும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து உயிர்கள்தாம்.

மண்ணைத் தோண்டித்தான் நல்ல நுண்ணுயிரைக் காண வேண்டுமென்பதில்லை. புனேயின் மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று நம் வீட்டுப் பெண்மணிகள் குறைப்படுகிறார்களே, அங்கே வேலை நிறுத்தம் செய்வது லியூக்கனாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள். உளுந்தோடும் அரிசியோடும் வரும் அவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. வாயு மாவை உப்பச் செய்கிறது; புளிப்போ தீய கிருமிகளை அண்டவிடுவதில்லை. ஏறக்குறைய 30 பாகை வெப்பம் இருந்தால் அவை உற்சாகமாக உழைக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி அடுப்பங்கரையில் வைக்கும் பாட்டிமாரின் வழக்கம் முற்றிலும் விஞ்ஞான முறையே.

இதே செயல் ஏரவாடாவை ஒட்டி ஓடும் மூளா-முட்டா ஆற்றில் நிகழும்போது கதை வேறாகிறது. சாக்கடையோடு வரும் மலினத்தைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்க முயல்கின்றன. அளவாக இருப்பின் ஆறு தூய்மையடையும். அளவு மீறினாலோ, நீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் அவையே உண்டுவிட, மீன்கள் மூச்சுத் திணறி மடியும். நம் உடலில் செலவாகாத மருந்துகளும் அந்தச் சாக்கடை வழியே ஆறு சேர்கின்றன.

அங்கேதான் பெரிய அபாயம் இருக்கிறது. சிறிதளவு மருந்தைக் கண்டு சாகாத கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. பிழைக்கும் வித்தையை வேற்றினக் கிருமிகளுக்கும் கைமாற்றித் தருகின்றன. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவிடம் உண்டு என்பதை ஆபிரகாம், செயின் என்னும் இருவர் 1940லேயே, அம்மருந்து மனிதருக்கு வழங்கப்படுமுன்பே, கண்டறிந்தனர். குறைந்த அளவில் உண்டால் கிருமி எதிர்ப்பாற்றல் பெறுமென்று 1945இல் நோபல் பரிசு பெற்ற பிளெமிங்கும் தம் உரையில் எச்சரித்தார். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு.

வெளியூரில் பிழைக்க வந்த நம்மவர்க்கு ஒருநாள் கூலியை இழப்பது எளிதன்று. ஆதலால் காய்ச்சல் வந்ததும் மருத்துவரிடம் செல்லாமல், மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். சளியும் புளூக் காய்ச்சலும் வைரஸால் வருபவை. வைரஸுக்கு மேற்கூறிய சுவர் கிடையாது. எனவே பெனிசிலின் இன மருந்துகள் அதனிடம் செல்லுபடியாகா. காசும் போய், உடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களும் மடிந்து, தீயவை மட்டும் பயிற்சி பெறுகின்றன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் அட்டையில் இடப்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். எந்த மொழியும் படிக்கத் தெரியாதவரும் அக்கோட்டைக் கண்டுகொள்ளலாம்.